லேசர் வைத்தால் கண் தெரியுமா?

“டீச்சரம்மா, பேத்திக்கு வைக்கப்போற அந்த லேசரை அப்படியே எனக்கும் சேர்த்து வைக்கச் சொல்லுங்களேன். கிழவிக்குத் தனியா ஒரு செலவு எதுக்கு?”

லகாட்டில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி இப்படிக் கேட்டவர் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனவர். மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுவதில் அவருக்கு நிகர் அவர்தான் என்று அந்தக் காலத்து மண்டோரே சொல்லியிருக்கிறாராம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு, மகனோடு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார்.

பேத்தி என் பழைய மாணவி. மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட பிள்ளை. இப்போது வயது இருபத்துமூன்று. கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒரு அம்மாள், “பொண்ணு எப்பவும் கண்ணாடி போடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. சீட்டுப் பணத்தை எடுத்து, ஈப்போவில் லேசர் வைத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டிக்குத்தான் தாமும் சேர்ந்துகொள்ளலாமே என்ற ஆசை.

வாசகர்களே, பாட்டி கேட்டதைக் கேட்டு நாம் சிரித்துவிடலாம். ஆனால் சற்றே யோசித்துப் பாருங்கள். ‘லேசர்’ என்ற சொல்லை நாமும் அப்படித்தானே புரிந்து வைத்திருக்கிறோம்? கண்ணில் எந்தக் கோளாறு வந்தாலும் ‘ஒரு லேசர் வைத்தால் சரியாகிவிடும்’ என்கிறோம். அல்லது ‘லேசர் வைத்தான், கண்ணே போய்விட்டது’ என்கிறோம். இரண்டுமே அரைகுறைப் பேச்சு. நான் மருத்துவர் அல்லள். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியை. ஆனால் இந்தப் பாட்டி விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தத் தவற்றுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்; மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணை ஒரு சிறு அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். அறையின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் தெளிவான ஜன்னல் ஒன்று உண்டு. அதுதான் கருவிழிப் படலம். அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. ஜன்னலுக்குப் பின்னால் பாவை என்னும் துவாரம். அதற்கும் பின்னால் விழிவில்லை. அறையின் பின்சுவர் முழுவதும் ஒட்டிய மெல்லிய காகிதம்போல் விழித்திரை. விழித்திரையில் விழும் உருவத்தை ஒரு நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்கிறது. ஜன்னலின் வளைவு சரியில்லாமல் உருவம் மங்குவது ஒரு கோளாறு. வில்லை பழுப்பேறி மங்குவது இன்னொரு கோளாறு. பின்சுவரில் நீர் கசிவதும், நரம்பு பட்டுப்போவதும் வேறு வேறு கோளாறுகள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கோ எல்லாம் ‘கண் தெரியலை’ என்ற ஒரே புகார்தான். முன்ஜன்னலை எவ்வளவுதான் துடைத்தாலும் பின்சுவரின் கசிவு நிற்குமா?

பேத்திக்கு இருந்தது ஜன்னல் கோளாறு, அதாவது கிட்டப்பார்வை. அருகில் உள்ளது தெரியும், கரும்பலகை தெரியாது. இதற்குச் செய்யும் லேசர் சிகிச்சையைத்தான் ‘லேசிக்’ என்கிறார்கள். இதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். 1929ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்று, 1961இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். கண்ணுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பிளாஸ்டிக் போன்ற பொருள்கள்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ‘எக்ஸைமர்’ என்னும் ஒருவகை லேசரின் ஒளி பிளாஸ்டிக்கைப் பொசுக்காமல், உருக்காமல், மிக மெல்லிய அளவில் செதுக்கி எடுப்பதைக் கண்டார். உயிருள்ள பொருளின் தசையில் இது எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி அவருக்கும், உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இருவருக்கும் எழுந்தது.

1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து உண்ணும் நன்றித் திருநாள் முடிந்த மறுநாள், வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைச் சீனிவாசன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்து வந்தார். அதன் குருத்தெலும்பில் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சாதாரணப் பச்சை லேசர் பட்ட இடம் கருகிப் போயிற்று. எக்ஸைமர் லேசர் பட்ட இடமோ உளியால் செதுக்கியதுபோல் சுத்தமாக இருந்தது. பக்கத்துத் தசையில் சூட்டுக் காயம் இல்லை. நம் வீடுகளில் தீபாவளிக்கு மறுநாள் மிஞ்சிய கோழிக்கறியை என்ன செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன்!

ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் இதைக் கேள்விப்பட்டுச் சீனிவாசனோடு சேர்ந்தார். கருவிழிப் படலத்தை இந்த ஒளியால் செதுக்கலாம் என்று 1983இல் இருவரும் எழுதினார்கள். பிறகு பல நாட்டு மருத்துவர்கள் முயன்று முறையைச் செம்மைப்படுத்தினர். கருவிழிப் படலத்தின் மேற்பகுதியை ஓர் ஏடுபோல் விலக்கி, அடியில் செதுக்கிவிட்டு, ஏட்டை மறுபடி மூடும் முறையை 1990ஐ ஒட்டிச் செய்து காட்டியவர் கிரேக்க நாட்டு மருத்துவர் பல்லிகாரிஸ். அதுவே லேசிக். 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா, அந்நாட்டின் உயரிய தொழில்நுட்பப் பதக்கத்தைச் சீனிவாசனுக்கும் அவருடைய இரு தோழர்களுக்கும் வழங்கினார்.

செய்முறையைக் கேட்டால் பயமாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது. சொட்டுமருந்து விட்டே கண்ணை மரக்கச் செய்கிறார்கள். இமை மூடாமலிருக்க ஒரு சிறு கம்பி வளையம் வைப்பார்கள். படலத்தின் மேலேடு விலக்கப்பட்டதும் ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். டக் டக்கென்று ஓசை. முடி பொசுங்குவதுபோல் ஒரு வாடை. ஒரு கண்ணுக்கு லேசர் படும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். லேசரின் ஒவ்வொரு துடிப்பும் செதுக்கும் அளவு ஒரு தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஏட்டைத் தூக்காமல் மேற்பரப்பிலேயே செதுக்கும் முறையும் உண்டு. அதில் வலி சில நாள் கூடுதல், ஆனால் ஏடு நகர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. சிறு துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கும் ‘ஸ்மைல்’ என்ற புதிய முறையும் வந்திருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். கண்ணாடியின் எண் குறைந்தது ஓராண்டாவது மாறாமல் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அப்போது செய்வதில்லை. கண் மிகவும் வறண்டவர்கள், கட்டுக்கடங்காத இனிப்பு நீர் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும். கருவிழிப் படலம் மெல்லியதாக இருந்தால் அறவே கூடாது. செதுக்கிய பிறகு படலத்தில் போதிய கனம் மிஞ்ச வேண்டும் அல்லவா? வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் கண் வறண்டு உறுத்தலாம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். பெரும்பாலோருக்கு இவை மெல்லக் குறைகின்றன. சிலருக்கு நீடிப்பதும் உண்டு. இரவு நேரத்தில் லாரி ஓட்டும் தம்பிகள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கண்ணாடி வேண்டாம் என்று ஆனாலும் கிட்டப்பார்வைக் கண் கிட்டப்பார்வைக் கண்ணேதான். அதிக எண் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து லேசிக்குக்குப் பிறகும் மாறாது. கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டுவதுபோலவோ, கொசுக்கூட்டம் பறப்பதுபோலவோ, ஓரத்தில் திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேத்திக்கு என்ன ஆயிற்று? கருவிழிப் படலத்தின் மேடுபள்ளங்களை அளக்கும் கருவியில் அந்தப் பெண்ணைப் பரிசோதித்தார்கள். படலம் சாதாரண அளவைவிட மெல்லியதாக இருந்ததோடு, ஒரு கண்ணில் கூம்புபோலப் பிதுங்கத் தொடங்கியிருந்தது. ‘கூம்புக் கருவிழி’ என்று இதற்குப் பெயர். கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் இதை மோசமாக்கும். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருக்கும். “கையை எடு” என்று நான் அதட்டியதோடு சரி. இப்படிப்பட்ட கண்ணில் லேசிக் செய்திருந்தால் படலம் மேலும் தளர்ந்து, கண்ணாடி போட்டும் தெரியாத நிலை வந்திருக்கும். மருத்துவர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார். வைட்டமின் சொட்டுமருந்து விட்டு, புற ஊதா ஒளி காட்டிப் படலத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை வேண்டிவரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்றார். வீட்டில் அழுகை. பணம் வாங்கிக்கொண்டு ‘சரி’ என்று சொல்லாமல் ‘முடியாது’ என்று சொன்னாரே, அவரல்லவோ நல்ல மருத்துவர் என்று நான் அந்த அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது அது ஏறவில்லை.

இனிப் பாட்டிக்கு வருவோம். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பாட்டி என்னை வேறொரு ஆசிரியை என்று நினைத்துப் பேசினார். “கண்ணு புகை மூட்டமா இருக்கு டீச்சரம்மா” என்றார். நான் யோசிக்காமல், “வயசாச்சுல்ல பாட்டி, புரையா இருக்கும். முத்தட்டும், எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டேன். பாட்டிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். டீச்சரே சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில், சுகாதாரக் கிளினிக்கில் கண் பார்க்க வரச்சொல்லிக் கொடுத்த தேதியைப் பாட்டி இரண்டு முறை விட்டுவிட்டார். போனால் ஏதோ மருந்து ஊற்றுவார்கள், அன்று முழுவதும் கண் கூசும், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்பது அவர் கவலை.

பேத்திக்குப் பார்த்த பிறகு பாட்டியையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். பாவையை விரிக்கும் மருந்து விட்டு, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். அந்த வாரமே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். வலது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து, வடுத்திசு வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிடித்திருந்தது. அதில் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிட்டது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நேரம் இருந்தது.

இனிப்பு நீர் கண்ணை எப்படிக் கெடுக்கிறது? ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் விழித்திரையின் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. சில கசியும், சில அடைபடும். அடைபட்ட இடத்தில் பிராண வாயு கிடைக்காமல் விழித்திரை தவிக்கும். தவிப்பில் புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும். இவை நல்ல குழாய்கள் அல்ல. மழைக்காலத்தில் அவசரமாகக் கிளம்பும் காளான்போல் நொய்ந்தவை. எந்த நேரமும் உடைந்து ரத்தம் கொட்டும். கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடக்கும்போது வலி இல்லை, சிவப்பு இல்லை, ஆரம்பத்தில் பார்வைக் குறைவுகூட இல்லை. ‘கண்தான் நல்லாத் தெரியுதே, எதுக்குப் போய்க் காட்டணும்?’ என்ற கேள்வியில்தான் கண் போகிறது.

இங்கே வைக்கும் லேசர் வேறு. சீனிவாசனின் ஒளி சுடாமல் செதுக்குவது. இது வேண்டுமென்றே சுடுவது. இந்த வகைச் சிகிச்சைக்கு வித்திட்டவர் மேயர்-ஷ்விக்கெராத் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 1945இல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்துக் கண்ணைப் பொசுக்கிக்கொண்ட ஒருவரைக் கண்டு, ஒளியால் கெடுக்க முடியுமென்றால் அதே ஒளியால் கிழிந்த விழித்திரையை ஒட்டவும் முடியுமே என்று நினைத்தாராம். முதலில் வெயிலையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் பாய்ச்சினார். 1960இல் முதல் லேசர் கருவி பிறந்த பிறகு அந்த வேலையை லேசர் எடுத்துக்கொண்டது. விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சிறு சூட்டுப் புள்ளிகளை வைக்கிறார்கள். ஓரத்தின் பசி அடங்குவதால் நடுப்பகுதிக்குப் பிராண வாயு மிஞ்சுகிறது. முளைத்த கெட்ட குழாய்கள் சுருங்குகின்றன. கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆனால் ஒன்றை நன்றாகக் கேளுங்கள். இந்த லேசர் போன பார்வையைக் கொண்டு வராது. இருப்பதைக் காப்பாற்றும்; அவ்வளவே. ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் சற்றுக் குறையக்கூடும். ‘லேசர் வச்ச பிறகும் கண் தெளியலையே, ஏமாத்திட்டாங்க’ என்று பாதியில் நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. பாட்டிக்கு மூன்று தடவையாக வைத்தார்கள். முதல் தடவை முடிந்து வந்து, “சுள்ளு சுள்ளுன்னு குத்துது. ஆனா ஒண்ணும் கூடத் தெரியலையே” என்று என்னிடம்தான் குறைப்பட்டார். அடுத்த இரண்டு முறையும் நானே கூடப் போனேன். நடுவிழித்திரை வீங்கியிருந்தால் கண்ணுக்குள் ஊசி போடும் சிகிச்சையும் இப்போது உண்டு. ‘கண்ணுக்குள்ளேயா?’ என்று அலறாதீர்கள். மரக்கச் செய்துதான் போடுகிறார்கள், நொடியில் முடிந்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்கள் கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புரைக்கு வருகிறேன். விழிவில்லை வயதால் மங்குவதே கண்புரை. ‘முத்தட்டும்’ என்று நான் சொன்னேனே, அது பழங்காலத்துப் பேச்சு. இன்று முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் எடுத்துவிடலாம். மிகவும் முற்றவிட்டால் அறுவை கடினமாவதுண்டு. கண்ணில் அழுத்தம் ஏறவும் கூடும். புரையை எடுப்பது பெரும்பாலும் லேசர் அல்ல. சிறு துளை வழியாக ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, செயற்கை வில்லையை வைக்கிறார்கள். அந்த வில்லைக்கும் ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் கண் புண்ணாகாமல் இருந்ததைக் கவனித்த இங்கிலாந்து மருத்துவர் ஹரால்டு ரிட்லி, 1949இல் அதே பொருளால் வில்லை செய்து வைத்தார்.

அந்த வில்லை ஏழைகளுக்கும் எட்டியதில் மதுரைக்குப் பெரும் பங்குண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இளவயதிலேயே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தம் கையாலேயே செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 58ஆம் வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கொடுப்பதைக்கொண்டு இல்லாதவருக்கு இலவசம் என்பது ஏற்பாடு. வெளிநாட்டு வில்லை விலை அதிகம் என்றதும் 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே வில்லை செய்யத் தொடங்கிவிட்டார்கள். 2006இல் அவர் காலமானார்.

புரை எடுத்துச் சில மாதமோ சில ஆண்டோ கழித்துக் கண் மறுபடி மங்கினால், ‘புரை திரும்ப வந்துவிட்டது’ என்று சொல்வார்கள். புரை திரும்ப வராது. வில்லைக்குப் பின்னால் விட்டுவைத்த மெல்லிய உறை மங்கியிருக்கும். இதற்கு ‘யாக்’ என்னும் மூன்றாம் வகை லேசர் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே, கத்தியில்லாமல், சில நிமிடங்களில் உறையில் ஒரு ஜன்னல் திறந்துவிடுகிறார்கள். ‘லேசர் வைத்தேன், மறுநாளே பளிச்சென்று தெரிந்தது’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அநேகமாக இதுதான்.

கண் அழுத்த நோய் திருட்டு நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் அழுத்தம் கூடி நரம்பைப் பட்டுப்போகச் செய்யும். ஓரத்திலிருந்து பார்வை சுருங்குவதால் நெடுநாள் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பாது. சிலருக்கு மட்டும் திடீரென்று வரும்: கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுக்கும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும். வாந்தியைப் பார்த்து வாயுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் கண் போய்விடும். இவ்வகைக்கு லேசரால் கருவிழித் திரையில் ஒரு சிறு துளை போட்டு நீருக்கு வழி செய்வார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் இருந்தால் நாற்பது வயதில் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

நாற்பது என்றதும் நினைவு வருகிறது. மாணவர் ஏட்டைக் கை நீட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துத்தான் நானும் திருத்துகிறேன். வெள்ளெழுத்து! இதற்கு வாசிப்புக் கண்ணாடி போதும். இருபது வயதில் லேசிக் செய்துகொண்டவர்க்கும் நாற்பதுக்கு மேல் இது வரவே செய்யும்.

வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் உழைத்தவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழிமேல் ஏறும் சதை வளர்ச்சியும் லேசருக்கு உரியதல்ல. சிறியதாக இருந்தால் விட்டுவிடலாம். பாவையை நெருங்கினால் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கண்ணின் சொந்தத் தோலையே ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டுப் போடாவிட்டால் மறுபடி வளரும். அகன்ற தொப்பியும் வெயில் கண்ணாடியும் செலவில்லாத மருந்து.

இன்றும் சிறு தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் உறைய ஊற்றும் ஆசிட் கண்ணில் தெறித்தால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கைக்கு எட்டிய சுத்தமான தண்ணீரால், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிடமாவது ஓயாமல் கழுவுங்கள். கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். அதேபோல் ‘போன தடவை கண்வலிக்குக் கேட்டுச்சே’ என்று மருந்துக் கடையில் அதே சொட்டுமருந்தை வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் புரையையும் அழுத்த நோயையும் அதுவே வரவழைத்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றி ஆசிரியை என்ற முறையில் கொஞ்சம். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுகிற குழந்தையை ‘மக்கு’ என்கிறோம். பல சமயம் அது கண். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, ஒரு கண்ணைப் பொத்தினால் அழுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்டுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே விட்டுவிடும். சோம்பல் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் திருத்துவது எளிது. நாள்தோறும் வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் பந்தைக் கொடுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குங்கள். தேவையென்றால் அவர்களே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள், கட்டணம் சொற்பமே. லேசிக் மட்டும் பெரும்பாலும் தனியாரிடம்தான். சில ஆயிரம் வெள்ளி ஆகும். கண்ணைப் பார்க்கப் போகும் நாளில் இனிப்பு நீர் அட்டை, சாப்பிடும் மருந்துகள், பழைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பாவையை விரித்த பிறகு நாலைந்து மணி நேரம் மங்கலாகவே தெரியும். மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

பேத்திக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மணவறையில் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தாள். பாட்டி முன்வரிசையில், இடது கண்ணால் பார்ப்பதற்கு வசதியாகத் தலையைச் சற்றே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் என்னைக் கையால் துழாவிப் பிடித்து, “மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா டீச்சரம்மா? எனக்குச் சரியா பிடிபடலை” என்றார். சொன்னேன். அவருக்கு அடுத்த தேதி வருகிற மாதம் பதினேழு. அன்று பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.